நீதி என்னும் பெயரும் சிலுவை என்னும் சின்னமும்

இசைக்குழு ஒன்று தனக்கு 'நீதி' என்று பெயர் சூட்டிக்கொண்டு, சிலுவையைத் தன் சின்னமாக ஏந்தி மேடையேறுமாயின், அதனைக் கண்டும் காணாததுபோல் கடந்து செல்வது நமக்கு இயலாது. பிரான்சு நாட்டின் 'ஜஸ்டிஸ்' என்னும் மின்னிசை இருவர் குழுவைப் பற்றி நம் பக்கங்களில் எழுதத் துணிவதற்கு இதுவே காரணம். நடன அரங்குகளின் இசை நமக்கு எதற்கு என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆண்டவரின் பேழைக்கு முன் தாவீது துள்ளி ஆடியதைப் பலகணி வழியே பார்த்து உள்ளத்தில் இகழ்ந்த மீக்காலின் இடத்தில் நின்றுகொண்டு கலையைத் திறனாய்வு செய்தல் தகாது என்பது நம் எண்ணம். அதேவேளையில், ஆடுகிற ஒவ்வொருவனும் தாவீது அல்லன் என்பதும் உண்மையே.

இக்குழுவின் இருவர் காஸ்பார் ஓஷே, சவியே த ரோனே ஆகியோர். பின்னவரின் பெயர் வேறொன்றுமன்று. நம் கடற்கரை ஊர்களில் சவேரியார் என வழங்கும் பெயரேயாம். இருவரும் வரைகலைப் பயிற்சி உடையவர்கள். இசைக்கல்லூரியின் வழியாக வந்தவர்களல்லர். இச்செய்தியை வாசகர் நினைவில் கொள்ளல் வேண்டும், பின்னர் உதவும். 2003ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில், பெத்ரோ வின்ட்டர் தொடங்கிய 'எட் பேங்கர்' என்னும் சிறு இசை நிறுவனத்தில் இவர்கள் சேர்ந்தனர். 'சிமியன்' என்ற ஆங்கிலேயக் குழுவின் பாடலொன்றை எடுத்து, அதன் குரலை மட்டும் நிறுத்திக்கொண்டு ஏனையவற்றைக் களைந்து, புதிதாய்க் கட்டியதே இவர்களின் முதல் புகழ். 'வி ஆர் யுவர் ஃபிரெண்ட்ஸ்' என்னும் தலைப்பில் அது 2006இல் மீண்டும் வெளிவந்து, அவ்வாண்டின் எம்.டி.வி. ஐரோப்பிய விருது விழாவில் சிறந்த வீடியோவுக்கான பரிசைப் பெற்றது. பரிசு தமக்கு வராத சினத்தால் அமெரிக்கப் பாடகர் கன்யே வெஸ்ட் மேடைக்கே ஏறிவந்து வழக்காடினார். அந்தக் கூச்சலால் பாட்டைவிடச் சண்டையே பலருக்கு நினைவில் நின்றது.

2007ஆம் ஆண்டு சூன் திங்களில் வெளிவந்த முதல் இசைத்தொகுப்புக்கு எழுத்தில் தலைப்பே இல்லை. சிலுவைக் குறி ஒன்றே அதன் பெயர். தொகுப்பின் முதற் கூறு 'ஜெனிசிஸ்', அதாவது தொடக்க நூல். இரண்டாவது 'லெட் தேர் பி லைட்', படைப்பின் முதல் நாளில் கடவுள் இட்ட கட்டளை. பதினொன்றாவது 'வாட்டர்ஸ் ஆஃப் நாசரேத்'. இவற்றில் நாசரேத்தின் நீரே முதலில், 2005இல், தனியே வெளிவந்தது. நாசரேத்து நீர்வளம் மிக்க ஊரன்று. ஊருக்கு உயிராய் இருந்தது ஓர் ஊற்று. அன்னை மரியாள் நீர் மொண்ட கிணறு என்று அதனை இன்றும் காட்டுவர். கபிரியேல் தூதரின் பெயரால் கீழைச் சபையினர் கட்டிய கோவில் அதனருகே உண்டு. இத்தலைப்பைப் படிப்பவர் அமைதியான, தெளிந்த ஓர் இசையை எதிர்பார்ப்பர். கிடைப்பதோ தேவாலய ஆர்கனின் அடிக்குரலைப் பிடித்து, அதன் குழாய்கள் கிழியும் வரை அழுத்தியது போன்ற ஓர் உறுமல். சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் அவ்வுறுமலுக்கு நடுவே, திடீரென ஒரு பண், பாடற்குழுவின் இறுதி ஆமென் போல, மேலெழுந்து விரிகிறது. அதனைக் கேட்கும்போது, தேவாலயத்தின் பெரிய இசைக்கருவியை இவ்விருவரும் ஏளனம் செய்யவில்லை, அதன் ஆற்றலைப் பொறாமையோடு நோக்குகின்றனர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மேடையிலும் இதே அமைப்புதான். இருபுறமும் மார்ஷல் ஒலிபெருக்கிகள் சுவரென அடுக்கப்பட்டிருக்கும். நடுவில், பீடம் இருக்கவேண்டிய இடத்தில், கருவி மேசை. அதன் முகப்பில் ஒளிவிடும் சிலுவை. பின்னால் இருவரும் திருச்சடங்கு நிறைவேற்றுவோர் போல நிற்பர்; ஆயிரக்கணக்கான இளைஞர் அவர்களை நோக்கிக் கைகளை உயர்த்துவர். கோவில் கட்டடக்கலை மனிதக் கூட்டத்தின் கண்களை எவ்வாறு ஒரு புள்ளிக்கு இழுக்கிறது என்பதை இவர்கள் நன்கறிந்துள்ளனர்.

இதனைத் தெய்வ நிந்தனை என்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. நிந்திப்பதற்கும் ஒருவகை நம்பிக்கை வேண்டும். எதை உடைக்கிறோம் என்ற அறிவு வேண்டும். இங்கு நிகழ்வது அதுவன்று. வரைகலைஞன் ஒருவனுக்குச் சிலுவை என்பது இரண்டே கோடுகளால் ஆன, எங்கிருந்து நோக்கினும் அடையாளம் தெரிகிற, நிகரற்ற ஒரு வடிவம். உலகில் எந்த வணிக நிறுவனமும் இத்தகைய எளிய முத்திரையை உருவாக்கியதில்லை. அம்முத்திரையை இவர்கள் எடுத்துக்கொண்டனர். புனித பவுல் தமக்குப் பெருமை தருவது சிலுவை ஒன்றே என்று எழுதியபோது அது அடிமைகளையும் கலகக்காரரையும் கொல்லும் கருவியாய் இருந்தது. அப்பெருமிதம் கேட்டவரைத் திடுக்கிடச் செய்தது. இவர்கள் கையில் அது எவரையும் திடுக்கிடச் செய்வதில்லை. இதில் நமக்குச் சினத்தைவிட வருத்தமே மிகுதி. அவ்வருத்தத்தில் ஒரு பங்கு நம்மையும் சாரும். சிலுவையைப் பொன்னாலும் வைரத்தாலும் இழைத்துக் கழுத்தணியாக்கியவர்கள் பாரிஸ் இசைஞர்களுக்கு முந்தியவர்கள்.

இப்பின்னணியோடு 2007இன் 'டி.ஏ.என்.சி.இ.' என்னும் தனிப்பாடலைக் காண்போம். மைக்கேல் ஜாக்சனுக்கு வணக்கம் செலுத்தும் பாடல் அது. அவருடைய பாடல்களின் பெயர்களைக் கோத்துச் சிறுவர் பாடற்குழு ஒன்று பாடுகிறது. கோவில் மாடத்தில் கேட்டுப் பழகிய பிள்ளைக் குரல்கள், விரலால் சுண்டி இசைக்கும் பேஸ் கித்தாரின் மேல் மிதந்து வருகின்றன. இதன் இசைப்படத்தை இயக்கியவர்கள் ஜோனாஸ், பிரான்சுவா என்னும் இருவர். ஓவியங்கள் 'சோ மீ' என்னும் புனைபெயர் கொண்ட வரைகலைஞருடையவை. கதை என்று எதுவும் இல்லை. இசைஞர் இருவரும் நடந்துகொண்டே இருக்கின்றனர்; அவர்கள் அணிந்த பனியன்களின் மார்பில் சித்திரங்கள் நொடிக்கு நொடி மாறுகின்றன. சொல் படமாகிறது, படம் சொல்லாகிறது, ஒரு பனியனிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. செலவு மிகுந்த வித்தை எதுவுமின்றி, கையால் வரைந்த கோட்டின் உயிர்ப்பினாலேயே மூன்று நிமிடம் நம் கண்களைக் கட்டிவைக்கும் இப்படத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். மகிழ்ச்சி என்பதைக் கள்ளமின்றிக் காட்டுதல் இக்காலத்தில் அரிது. அடுத்த ஆண்டில் வந்த 'டி.வி.என்.ஓ.' படமும் இதே வழியினது; பாட்டின் சொற்கள் பழைய தொலைக்காட்சி, திரைப்பட நிறுவனங்களின் முத்திரைகளைப் போல உருக்கொண்டு சுழல்கின்றன. முத்திரை என்பதன் மேல் இவர்களுக்குள்ள தணியாத மோகத்துக்கு அது வாக்குமூலம். அதற்குமேல் அதில் சொல்ல எதுவுமில்லை.

'ஸ்ட்ரெஸ்' வேறு.

முதலில் இசையைச் சொல்லவேண்டும். இப்பாடலின் உள்ளே அபாயச் சங்கு போல் இடைவிடாது ஏறிவரும் வயலின் ஓசை, 1977இல் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' திரைப்படத்துக்காக டேவிட் ஷயர் அமைத்த நடன இசைத் துண்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. அத்துண்டோ, உருசிய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1867இல் எழுதிய 'மொட்டை மலையில் ஓர் இரவு' என்னும் படைப்பின் மறுவடிவம். திருமுழுக்கு யோவான் திருவிழாவின் முந்திய இரவில் தீய ஆவிகள் மலைமேல் கூடிக் கூத்தாடுவதே அதன் பொருள். அவர் மறைந்தபின் ரிம்ஸ்கி கோர்சகோவ் 1886இல் அதனைத் திருத்தியமைத்தார். இன்று உலகம் கேட்பது பெரும்பாலும் அந்த வடிவத்தையே. அதன் முடிவில் சிற்றூர்க் கோவிலின் மணி ஒலிக்கிறது, ஆவிகள் கலைகின்றன, பொழுது புலர்கிறது. ஆவிகளின் கூத்து எடுத்தாளப்பட்டு, நடன அரங்குக்கு வந்து, அங்கிருந்து பாரிஸ் இளைஞரின் கணிப்பொறிக்குள் நுழைந்தது. மணி மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது. 'ஸ்ட்ரெஸ்' பாடலில் விடியல் இல்லை. நெருக்கடி ஏறுகிறது, மேலும் ஏறுகிறது, அறுகிறது. மூச்சுவிட இடமில்லாத அந்த அமைப்பில் நேர்மை உண்டு. நகரத்தின் பதற்றத்தை இவ்வளவு செறிவாக ஒலியாக்கிய படைப்புகள் சிலவே.

2008 மே திங்களில் இதற்கு ரொமேன் கவ்ராஸ் இயக்கிய படம் வெளிவந்தது. அரசியல் திரைப்படங்களால் புகழ்பெற்ற கோஸ்டா கவ்ராஸின் மகன் இவர். ஏறத்தாழ ஏழு நிமிடப் படம். புறநகர்க் குடியிருப்பிலிருந்து ஒரு கூட்டம் இளைஞர் கிளம்புகின்றனர். பெரும்பாலோர் கறுப்பினத்தார், வட ஆப்பிரிக்க வழிவந்தோர். அனைவர் முதுகிலும் கறுப்பு மேலங்கி. அதில் பெரிய வெள்ளைச் சிலுவை. நகருக்குள் நுழைந்து வழிப்போக்கரை அடிக்கின்றனர், பெண்களைச் சீண்டுகின்றனர், கடையை உடைக்கின்றனர், கார் ஒன்றைத் திருடுகின்றனர். காரின் வானொலியில் 'டி.ஏ.என்.சி.இ.' ஒலிக்க, ஒருவன் அதனை உதைத்து நொறுக்குகிறான். தம் புகழையே தாம் எள்ளும் இவ்விடம் ஒன்றுதான் படத்தில் நகைச்சுவை. பிறகு காருக்குத் தீ. செய்திப் படப்பிடிப்பைப் போலத் தோளில் ஆடும் ஒளிப்படக் கருவி இவர்களின் பின்னாலேயே ஓடுகிறது. முடிவில் இளைஞர்கள் படம் பிடிப்பவனின் பக்கமே திரும்புகின்றனர். இதைப் படம் பிடிப்பதில் உனக்கு இன்பமா என்று வசைச்சொல்லோடு ஒருவன் கேட்பதோடு படம் அறுகிறது.

பிரான்சில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. இனவெறிக்குத் தீனி என்றனர் சிலர். வன்முறையைப் போற்றுகிறது என்றனர் வேறு சிலர். மூன்றாண்டுகளுக்கு முன், 2005 அக்டோபர் 27 அன்று, கிளிஷி சூ புவா என்னும் புறநகரில் காவலருக்கு அஞ்சி மின் நிலையத்துக்குள் ஒளிந்த சிறுவர் இருவர் மின்சாரம் தாக்கி இறந்ததையும், அதனால் மூண்ட தீ நாடெங்கும் பரவி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதையும் அந்நாட்டார் மறந்திருக்கவில்லை. எரியும் காரின் காட்சி அவர்களுக்குக் கற்பனையன்று.

இனி அந்த மேலங்கியை நோக்குவோம். 2004 மார்ச்சு 15 அன்று நிறைவேறிய சட்டத்தின்படி, பிரான்சின் அரசுப் பள்ளிகளில் மாணவர் தம் சமயத்தை எடுப்பாய்க் காட்டும் அடையாளங்களை அணிதல் ஆகாது. முக்காட்டை மனத்திற்கொண்டே அச்சட்டம் எழுந்தது என்பது அனைவரும் அறிந்ததே. எனினும் அளவு மீறிய பெரிய சிலுவையும் அதில் அடங்கும். ஆகவே, இப்படத்தில் வரும் சிறுவன் ஒருவன் இதே மேலங்கியோடு மறுநாள் பள்ளிக்குச் சென்றால் வாயிலில் நிறுத்தப்படுவான். அவர்களுள் பலர் இசுலாமியக் குடும்பத்துப் பிள்ளைகளாய் இருக்கக்கூடும் என்று எண்ணும்போது, அவர்கள் முதுகில் வெள்ளைச் சிலுவையைப் பொறித்த செயல் எத்தனை அடுக்குகள் கொண்டதாகிறது! துணியில் சிலுவை தைத்துக்கொண்டு ஒரு கூட்டம் புறப்பட்டது பிரான்சு மண்ணுக்குப் புதிதன்று. 1095 நவம்பரில் கிளேர்மோன் நகரில் திருத்தந்தை இரண்டாம் உர்பான் விடுத்த அழைப்பைக் கேட்டோர் அவ்வாறே தம் ஆடையில் சிலுவை தைத்து எருசலேமை நோக்கி நடந்தனர். வழியில் அவர்களால் இரத்தம் சிந்தியோரின் பெயர்ப்பட்டியல் நம் திரு அவையின் மனச்சான்றில் இன்றும் கனக்கிறது. இயக்குநர் இதனைக் கருதினாரோ இல்லையோ, படம் கருதுகிறது. சிலுவையின் பின்னே நடப்பவர் அனைவரும் சிலுவையில் அறையுண்டவரின் பின்னே நடப்பவரல்லர் என்பதை இவ்வளவு கூர்மையாய்க் காட்டிய காட்சியை நாம் அண்மைக் காலத்தில் கண்டதில்லை.

ஆனால், நீதி எங்கே? இக்குழு தன் பெயரால் எழுப்பும் கேள்வியை அதற்கே திருப்பிக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். இறுதியில் படம்பிடிப்பவனை நோக்கி எறியப்படும் வினா பார்வையாளராகிய நம்மையும் குத்துகிறது என்பதும், இளைஞரைக் கொள்ளையராகவே காட்டும் தொலைக்காட்சிச் செய்தியின் கண்ணை எள்ளவே அக்கண்ணை இப்படம் கடன் வாங்கியது என்பதும் ஆதரவாளர் வாதம். வாதம் வலியதே. எனினும் ஏழு நிமிடத்தில் ஆறரை நிமிடம் அந்தக் கண்ணாலேயே பார்த்தபின், கடைசி அரை நிமிடத்தில் அதனைக் கண்டிப்பதால் கணக்கு நேராகிவிடுமா? இளைஞர் எவருக்கும் பெயர் இல்லை. வீடு இல்லை. தாய் இல்லை. ஏன் அடிக்கிறான் என்பதற்கு ஒரு நொடி விளக்கம் இல்லை. அவன் சினமுற்ற ஒரு முதுகு. அம்முதுகில் வேறொருவருடைய முத்திரை. 1995இல் மத்தியூ கசோவிட்ஸ் எடுத்த 'லா ஹேன்' திரைப்படமும் இதே புறநகரின் வெஞ்சினத்தைப் பற்றியதே. ஆனால் அதன் மூன்று நண்பர்களுக்கும் பெயர் உண்டு, வீட்டுச் செலவுக்குக் கவலைப்படும் தாய் உண்டு, பாட்டி உண்டு. அவர்கள் தவறு செய்யும்போது நமக்கு வலிக்கிறது. 'ஸ்ட்ரெஸ்' படத்தில் வலிப்பது அடிபடுபவருக்காக மட்டுமே. அடிப்பவனுக்காக வலிக்க அப்படம் நம்மை விடுவதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 'டி.ஏ.என்.சி.இ.' படத்தில் தம் மார்பிலேயே சித்திரங்களை ஏந்தி நடந்த இசைஞர் இருவரும் இப்படத்தில் இல்லை. மகிழ்ச்சியின் படத்தில் தாம் நடந்து, வெறுப்பின் படத்தில் ஏழைப் பிள்ளைகளைத் தம் சின்னத்தைச் சுமக்கவிட்டது நமக்கு உறுத்துகிறது. சீரேனே ஊர் சீமோன் பிறருடைய சிலுவையைச் சுமக்கக் கட்டாயப்படுத்தப்பட்டான். ஆனால் அவன் சுமந்தது முன்னே நடந்தவருடைய சிலுவையை, அவரோடு சேர்ந்து.

இந்த இயக்குநரின் பெயரைத் தமிழர் அறிந்திருப்பதற்கு மற்றொரு காரணம் உண்டு. இலண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, அங்கே திருக்குடும்பக் கன்னியர் மடப் பள்ளியில் பயின்று, போரினால் மீண்டும் இலண்டன் சென்ற பாடகி மாயா அருள்பிரகாசம் 2010இல் வெளியிட்ட 'பார்ன் ஃப்ரீ' பாடலின் படமும் கவ்ராஸ் எடுத்ததே. செம்பட்டைத் தலைமயிர் உடையவர்கள் என்ற ஒரே காரணத்துக்காகச் சிலரைப் படையினர் வீடுவீடாய்த் தேடிப் பிடித்து, வெட்டவெளிக்குக் கொண்டுபோய்க் கொல்கின்றனர். தலைமயிரின் நிறம் என்னும் அந்த ஒரு மாற்றத்தால், ஈழத்தில் நிகழ்ந்ததை அறியாத மேலைநாட்டார் கண்ணுக்கும் அநீதி அப்பட்டமாய்த் தெரிந்தது. 'ஸ்ட்ரெஸ்' படத்தில் தவறிய நீதி இதில் ஓரளவு கைகூடியது எனலாம். வன்முறைக் காட்சிகளின் மேல் இயக்குநருக்குள்ள மிதமிஞ்சிய ஈடுபாடு மட்டும் இதிலும் குறையவில்லை. 2022இல் அவர் எடுத்த 'அதேனா' முழுநீளத் திரைப்படத்தில் மீண்டும் அதே புறநகர், அதே தீ. ஆனால் இம்முறை கொல்லப்பட்ட சிறுவனுக்கு இதிர் என்று பெயர் இருக்கிறது. அவனுக்காக அழும் அண்ணன்மார் இருக்கின்றனர். பதினான்கு ஆண்டுகள் கழித்தேனும் முதுகுகளுக்கு முகம் கிடைத்தது.

இசைஞர் இருவரும் இத்தகைய திசையில் பின்னர் செல்லவில்லை. 2008இன் வட அமெரிக்கப் பயணத்தை கவ்ராஸும் 'சோ மீ'யும் படமாக்கிய 'எ கிராஸ் தி யூனிவர்ஸ்' வெறும் ஆரவாரம். அதன் தலைப்பில் உள்ள சொல்விளையாட்டு ஒன்றே அதில் நுட்பமானது. 2011இன் 'ஆடியோ, வீடியோ, டிஸ்கோ' தொகுப்பின் அட்டையில் சிலுவை, வெட்டவெளியில் நாட்டிய நடுகல்லாய் நிற்கிறது. 2016இன் 'உமன்' தொகுப்பிலோ அதே வடிவத்துக்குள் பல வண்ணங்கள் குழைந்து ஓடுகின்றன. தொகுப்புக்குத் தொகுப்பு சிலுவை புது ஆடை அணிந்தது. பொருள் மட்டும் ஏறவில்லை. 'சேஃப் அண்ட் சவுண்ட்' பாடலில் பாடற்குழுவின் குரல்கள் மீண்டும் வந்தன, இம்முறை மென்மையாக. நேரடி இசையை மெருகேற்றித் தந்த 'உமன் வேர்ல்ட்வைட்' 2019இல் கிராமி விருது பெற்றது. 2024இன் 'ஹைப்பர்டிராமா' தொகுப்பில் 'டேம் இம்பாலா'வோடு சேர்ந்து இசைத்த 'நெவரெண்டர்' 2025இல் மற்றொரு கிராமியைப் பெற்றது. கைத்திறன் முதிர்ந்துள்ளது, கேட்க இனிமையாகவும் உள்ளது. ஆயினும் 'நாசரேத்தின் நீர்' உறுமியபோது இருந்த அந்த ஆபத்து, எதையோ தேடி முட்டிக்கொள்ளும் ஓசை, இப்போது இல்லை.

இப்படங்களைப் பங்கு இளைஞர் மன்றங்களில் காட்டலாமா என்று கேட்போருக்கு: 'டி.ஏ.என்.சி.இ.' படத்தை எவருக்கும் காட்டலாம். 'ஸ்ட்ரெஸ்' படத்தைச் சிறுவருக்குக் காட்டலாகாது. கல்லூரி வயதினருக்குக் காட்டலாம், ஆனால் தனியாக வேண்டா. அதே அமர்வில் 'லா ஹேன்' படத்தின் ஒரு பகுதியையேனும் சேர்த்துக் காட்டுங்கள். முடிந்தவுடன் விளக்கவுரை ஆற்றாதீர்கள். அந்த மேலங்கி அணிந்த பிள்ளைகளுள் ஒருவனுக்குப் பெயரிட்டு, அன்று காலை அவன் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.